எரிந்து அணைய வேண்டிய விளக்கு

தகுதிச் சோதனைக்கு வந்த வண்டிகளின் வரிசையில் அவளுடைய டாக்ஸி ஏழாவதாக நின்றது. சான்றிதழ் இன்றோடு முடிகிறது. புதிது கிடைக்காவிட்டால் நாளை முதல் ஓட்ட முடியாது. கணவன் போன பிறகு அவளையும் இரண்டு பெண்களையும் தாங்குவது இந்த ஒரு வண்டிதான். இன்னொன்று வாங்குவதை அவள் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜினை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. அவள் அப்பா ஓட்டிய டாக்ஸியின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். லட்சத்தைத் தாண்டும் என்று அதைச் செய்தவர்களே நம்பவில்லை. தாண்டுவதற்குள் மூன்று தடவை இன்ஜினைப் பிரித்தாயிற்று. துருப்பிடித்த தரையின் ஓட்டை வழியே சாலை ஓடுவதை அவள் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆனாலும் அப்பா கம்பியும் ரப்பரும் வைத்துக் கட்டி, மறுநாளே சவாரிக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த வண்டியில் செத்துப்போனது உள்ளங்கையளவு பெட்டி. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் கணினி. கம்பெனி அந்தப் பெட்டியைத் தயாரிப்பதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. வண்டி உடைக்கும் இடங்களில் நான்கு மாதம் அலைந்தாள். கிடைத்த இரண்டும் செத்தவை.

“இந்த இன்ஜின் நம்ம ரெண்டு பேரையும் சுடுகாட்டுல எறக்கிட்டு அடுத்த சவாரி போகும்க்கா,” என்றான் மெக்கானிக். “டப்பாதான் இல்ல.”

நேற்று அவளே டேஷ்போர்டைக் கழற்றி, பெட்டி செத்ததைக் காட்டி எந்நேரமும் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் பல்பைப் பிடுங்கினாள். அந்த இடம் இருண்டதும் மனது லேசானது. பெண்களிடம் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய அதே லேசு.

சோதனை அதிகாரி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

“ஒரு விளக்கு குறையுதேம்மா. சாவி போட்டா எல்லாம் எரிஞ்சு அணையணும்.”

அவள் டேஷ்போர்டைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் காலைதோறும் பார்த்த காட்சி. நன்றாக இருக்கும்போதும் அந்த விளக்கு ஒரு கணம் எரியும் என்பது எப்படி மறந்தது? பல்பு போயிருக்கும் என்று முணுமுணுத்தாள். மாட்டிக்கொண்டு வர அரைமணி நேரம் கொடுத்தார்.

ஓரமாக நிறுத்தி, கைப்பையிலிருந்த பல்பை எடுத்து மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். எரிந்தது. அணையவில்லை. முன்பு ஒரு மழைநாளில் தானாகவே அணைந்து, மத்தியானம் வரை அப்படியே இருந்தது. அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி பிழைக்க வேண்டாம். அவர் பார்க்கும் நேரம் மட்டும் பொய் சொன்னால் போதும். மறுபடி திருப்பினாள். மறுபடி.

ஜன்னலோரம் நிழல் விழுந்தது. அவர் எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

“எத்தனையாவது தடவைம்மா?”

“பதினாலு.” சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. “பிரேக் நல்லாப் பிடிக்குது சார்.”

“இன்னிக்குப் பிடிக்குது.”

அவள் இன்னொரு முறை திருப்பினாள். விளக்கு எரிந்தது. இருவருமே அது அணைவதற்குக் காத்திருந்தார்கள். பிறகு அவர் பேனாவைத் திறந்தார். ‘தகுதியில்லை’ என்று எழுதி முடித்துத் தாளை நீட்டினார்.

“வண்டிய எடுங்கம்மா. அங்க வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க.”

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.