பிறந்த வீட்டுக் கோடி

பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், குழாய்கள் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கேஸ்கட் என்று ஒரு வளையம் வைப்பார்கள். அதை மாற்றும்போது எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. பழைய வளையத்தைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் புதியதை வைக்கக் கையெழுத்துப் போடுவேன். பழையது ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்து முடுக்கிவிட்டால் கொஞ்ச நாள் தாங்கும். அழுத்தம் ஏறுகிற ஒரு நாளில் பிய்த்துக்கொண்டு போய்விடும். பதினாறு வருடங்களாக இதைச் சொல்லிச் சொல்லி, நான் வருவதைக் கண்டாலே பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் சொன்ன இந்த விதியை என் சொந்தக் காருக்கு நான் கடைப்பிடிக்கவில்லை.

வழக்கமாக மாசாயில் காளியப்பன் அண்ணனிடம்தான் ஆயில் மாற்றுவேன். அவர் தனி ஆள். காரை விட்டால் அரை நாள் போய்விடும். காருக்கு அடியில் படுப்பார், எழுந்து தே தாரே குடிப்பார், அரசியல் பேசுவார், மறுபடியும் போய்ப் படுப்பார். அந்தச் சனிக்கிழமை மதியம் எனக்கு ஓவர்டைம் இருந்தது. அவரிடம் உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லை. போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடையில், இருபது நிமிடத்தில் ஆயில் மாற்றித் தருவதாகப் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். உள்ளே ஏசி, சோபா, இலவசக் காப்பி. நான் காப்பியைக் குடித்தபடி கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஓடி ஓடி வேலை செய்தார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்து கார்கள் நின்றன. அவர்களைத் திட்ட வேண்டிய மட்டும் பிறகு திட்டித் தீர்த்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு எழுந்து போய், கழற்றிய பழைய ஆயில் பில்டரைக் காட்டு, அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா பார்க்கிறேன் என்று கேட்க எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? ஆலையில் பெரிய பருப்பு மாதிரி நடப்பவன், அங்கே காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"சியாப், பாங்," என்று மலாயில் வேலை முடிந்ததைச் சொல்லி ஒருவர் வந்து சாவியைக் கொடுத்தார். பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். முன்கண்ணாடியின் மூலையில், அடுத்த சர்வீஸ் எப்போது என்று எழுதி அழகாக ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் யோங் பெங்கிலிருந்து பிரேமலா அக்கா போன் செய்தாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று சொன்னால் அது நான்தான், மாசாயில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக மெகி சமைத்துத் தின்கிற ஆள்.

"காடி சர்வீஸ் பண்ணியாச்சுக்கா. அடுத்த வாரம் வரேன்," என்றேன்.

"பண்ணியாச்சுன்னா நாளைக்கே வா லா செல்வா. மூணு மாசம் ஆச்சுடா உன் மூஞ்சியப் பாத்து."

"நாளைக்கும் ஓவர்டைம். அடுத்த வாரம் கண்டிப்பா."

"உன் கண்டிப்பு எனக்குத் தெரியாதா," என்று சிரித்தாள்.

அடுத்த வாரமும் நான் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது. அவள் போய்விட்டாள் என்று அய்யாவு அத்தான்தான் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவின் கணவர், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நான் அப்போது வேலையில் இருந்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு குழாயைப் பிடித்தபடி நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"இப்பவே கெளம்பி வரேன் அத்தான்," என்றேன்.

"ராத்திரில அழுதுகிட்டே ஓட்டாத மாப்ள. காலையில கடை தெறந்ததும் கோடி எடுத்துட்டு வா. ஒன்றரைக்குத்தான் எடுக்கறோம்."

கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து அவள் மேல் போர்த்த வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அக்கா விஷயத்தில் அது வெறும் சடங்கில்லை. அத்தானின் அக்கா ஒருத்தி உண்டு. கேட்க நாதியில்லாத வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டாய் என்று இருபத்தைந்து வருடங்களாகத் தம்பியைக் குத்திக்கொண்டிருப்பவள். ஒவ்வொரு முறையும் அக்கா, "எனக்கு என் தம்பி இருக்கான்," என்று மட்டும் சொல்வாளாம். நாலு பேர் முன்னால் அந்த வார்த்தை மெய்யாக வேண்டிய நாள் அதுதான். கோடியோடு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு. உயிரோடு இருந்தபோது இவ்வளவு நல்ல சேலை ஒன்றுகூட அவளுக்கு நான் வாங்கித் தந்ததில்லை. அதைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு பத்தரைக்குக் கிளம்பினேன். எப்படிப் போனாலும் பன்னிரண்டரைக்குள் போய்விடலாம்.

நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் விட்டேன். பத்து நாட்களுக்கு மேலாக வீட்டுக்கும் ஆலைக்கும் இடையில் மெதுவாக ஓடிய வண்டி அது. மாச்சாப் தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. என்ன நினைத்தேன் தெரியுமா? இப்போதுதானே ஆயில் மாற்றினோம், விளக்குதான் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். முன்கண்ணாடியில் ஸ்டிக்கரைப் பார்த்தேன், சமாதானம் ஆகிவிட்டேன். ஆலையில் இப்படி ஒருவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பேன். இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். என்ஜின் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. ஒரு பெரிய சத்தத்தோடு இறுகி நின்றுவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். அப்போது மணி பதினொன்றே முக்கால்.

குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் முழுக்க ஆயில். பில்டர் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையம் பிதுங்கித் தொங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று, கறுத்துக் காய்ந்து, என்ஜினோடு ஒட்டிப்போய் இருந்தது. பழையதைக் கழற்றாமல் புதியதை அதன் மேல் வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சாலையோரத்தில் முட்டி போட்டுக்கொண்டு அந்த இரண்டு வளையங்களையும் பார்த்தேன்.

நெடுஞ்சாலை உதவிக்குப் போன் செய்தேன். இழுவை லாரி இருபது நிமிடத்தில் வந்துவிடும் என்றார்கள். அத்தானைக் கூப்பிட்டேன்.

"ஆள அனுப்பட்டா மாப்ள? செட்டி வீட்டு ரமணன் இங்கதான் இருக்காரு. சொன்னா உடனே காடிய எடுத்துட்டு வந்துருவாரு."

"வேணாம் அத்தான். லோரி இருபது நிமிஷத்துல வந்துரும்னாங்க. அதுலயே வந்துடறேன்."

"சரி. பதட்டப்படாம வா."

இருபது நிமிடம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிற முட்டாளாக அந்தப் பத்து நாட்களில் இரண்டு முறை இருந்திருக்கிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் இரண்டு லாரிகள் மோதிக்கொண்டதில் இழுவை லாரிகளெல்லாம் அங்கே மாட்டிக்கொண்டன. ஒரு மணிக்கு அத்தானை மறுபடியும் கூப்பிட்டேன். ரமணன் உடனே கிளம்பினார். ஆனால் எதிர்ப்பக்கச் சாலையில் வந்து, என்னைத் தாண்டிப் போய், சிம்பாங் ரெங்கத்தில் இறங்கித் திரும்பித்தான் அவர் என்னிடம் வர முடியும். அவர் பாதி வழியில் இருக்கும்போதே இழுவை லாரி வந்துவிட்டது. அவரைத் திரும்பச் சொல்லிவிட்டு லாரியில் ஏறினேன்.

லாரிக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். மடியில் நான் வைத்திருந்த பையைப் பார்த்து, யாருக்குச் சேலை என்று கேட்டார். அக்காவுக்கு, இன்றைக்கு இறுதிச் சடங்கு என்று மலாயில் சொன்னேன். அவர் வானொலியை நிறுத்திவிட்டார். நெரிசலில் நின்று நின்று போனோம். காரை எங்கேயும் இறக்காமல் நேராக யோங் பெங்குக்கே விட்டார். ஒன்றே முக்காலுக்கு அத்தானுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அந்தப் பெரியவரிடம், "சீக்கிரம், சீக்கிரம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது மணி இரண்டே கால். பந்தலுக்கு அடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் படியிறங்கிச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டைத் திறக்கப் போனேன். அத்தானின் அக்கா உள்ளேயிருந்து கை காட்டினாள்.

"கோடிய உள்ள கொண்டாராதீங்க தம்பி. வீடு கழுவியாச்சு."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். ஈரத் தலையோடு லோஷினி வெளியே வந்தாள், அக்காவின் ஒரே மகள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கு முன்னாடிதான் மாமா. ஒன்றரைக்கு எடுக்க வேண்டியது, அப்பா விடல. ரெண்டு நிமிஷம், அவன் வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மின்சுடலையிலேர்ந்து போன் மேல போன். நமக்கப்புறம் வேற பொணம் இருக்குதாம். அதுக்கு மேல நிறுத்த முடியல. இந்நேரம் உள்ள வெச்சிருப்பாங்க மாமா."

"மொகத்த மூடிட்டாங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேள்வி இது என்று எனக்கே தோன்றியது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கோடி?"

"சடங்கு செய்றவரு கூப்பிட்டாரு மாமா, பொறந்த வீட்டுக் கோடி யாருன்னு. யாரும் வரல. மறுபடியும் கூப்பிட்டாரு. மூணாவது தடவ கொஞ்சம் சத்தமாவே கூப்பிட்டாரு. எல்லாரும் ரோட்டப் பாத்தாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அத்தை உள்ள போயி அவங்க வெச்சிருந்த புதுச் சேலைய எடுத்துட்டு வந்தாங்க. அப்பா வேணாம்னுட்டாரு."

"அப்புறம்?"

"தோள்ல கெடந்த துண்ட எடுத்தாரு. இது செல்வா போடறது, எல்லாரும் பாத்துக்குங்கன்னு சொல்லி, அம்மா மேல அவரே போத்திட்டாரு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து அந்த மனிதர் அந்தத் துண்டில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். என் அக்கா அதைப் போர்த்திக்கொண்டு, என் பெயரில், என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி அடுக்கியவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.