சலவை அறையில் ஒரு வெள்ளிக்கிழமை

எல்லினோரின் முதல் படம் வந்தபோது ஸ்டாக்ஹோம் பத்திரிகைகள் அவளையும் இன்னும் சிலரையும் சேர்த்து, சமூக அக்கறையுள்ள புதிய தலைமுறை இயக்குநர்கள் என்று எழுதின. பார்சல் கிடங்கில் வேலை செய்பவர்களைப் பற்றிய படம் அது. விமர்சகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிடங்கிலிருந்து வந்திருந்தவர்களோ பாதியிலேயே நழுவினார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "தப்பா எடுத்துக்காத. வேலை நேரத்துல நாங்க இதவிட நெறய சிரிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாங்கிய பரிசெல்லாம் மறந்துபோனது, அந்தப் பேச்சு மறக்கவில்லை.

அடுத்த படத்துக்கு அவள் தூரம் போகவில்லை. கோத்தன்பர்க் நகரின் ஹம்மர்குல்லன் பகுதியில் அவள் குடியிருந்த கட்டடத்திலேயே கதை இருந்தது. அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை. அதை மூடி, பொருள் வைக்கும் அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடப்போவதாகக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக் கம்பெனி அறிவித்திருந்தது. குடியிருந்தவர்களுக்குக் கோபம்தான். ஆனால் சேர்ந்து கோபப்பட வழியில்லை. அந்த அறையால் ஆளுக்கொரு பகை இருந்தது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற குன்வோரும், பல் மருத்துவமனையில் வேலை பார்த்த ஷிரினும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காயிற்று. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேரும் நூல் பஞ்சைச் சுத்தம் செய்யாமல் விட்டது யார் என்பதுதான் வழக்கு.

குடியிருப்பவர்கள் சலவை அறையைப் பிடித்துக்கொண்டு வெளியேற மறுப்பதாக எல்லினோர் கதை எழுதினாள். நீங்களே நடியுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். குன்வோர் சரி என்றாள். ஷிரினும் சரி என்றாள். ஒருத்தி ஒப்புக்கொண்டது மற்றவளுக்குத் தெரியாது.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. குன்வோர் வாஃபிள் என்ற கட்டம்போட்ட அப்பம் சுடும் கல்லோடு வந்தாள். ஷிரின் பெரிய ஃபிளாஸ்க் நிறைய ஏலக்காய்த் தேநீர் கொண்டுவந்தாள். பெஞ்சின் இரண்டு முனைகளில் இருவரும் விறைப்பாக உட்கார்ந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவன் வருவான், விட்டுக்கொடுக்காதீர்கள், வாயில் வருவதைப் பேசுங்கள் என்பதற்குமேல் எல்லினோர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வேஷத்துக்கு நகரத்திலிருந்து ஊல்லே என்ற நடிகன் வரவேண்டும். எல்லினோரைத் தவிர யாரும் அவனைப் பார்த்ததில்லை.

கேமரா ஓடத் தொடங்கியது. கதவு திறந்தது. சாம்பல் கோட்டும் கையில் அளவு டேப்புமாக ஒருவன் உள்ளே வந்தான். எல்லினோர் உற்றுப் பார்த்தாள். அவன் ஊல்லே இல்லை.

"வாய்யா. அளக்கத்தானே வந்த?" என்றாள் குன்வோர்.

"ஆமா" என்றான் அவன் குழப்பத்தோடு. "ரூம் காலியா இருக்கும்னு சொன்னாங்களே."

"காலியாவா? நாங்கெல்லாம் உனக்குத் துணி மூட்டையாத் தெரியறோமா?"

"மொதல்ல ஷூவக் கழட்டுங்க" என்றாள் ஷிரின். "இப்பத்தான் தரையைத் தொடச்சோம்."

அவன் மறுபேச்சில்லாமல் கழற்றினான். யாரோ அவன் கையில் வாஃபிள் தட்டைத் திணித்தார்கள். உன் துணியை எங்கே துவைக்கிறாய் என்று குன்வோர் மிரட்டிக் கேட்டாள். வீட்டிலேயே சொந்த இயந்திரம் இருக்கிறது, தனியாகத்தான் துவைக்கிறேன் என்றான்.

"அய்யோ பாவம்" என்றாள் ஷிரின். "அப்ப யார்கூடத்தான் சண்டை போடுவீங்க?"

அறையே அதிர்ந்தது. குன்வோர் சிரிப்பு தாங்காமல் நகர்ந்து வந்து ஷிரினின் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். வந்தவனும் வாயில் வாஃபிளோடு சிரித்தான். படத்தை நிறுத்தவேண்டும் என்று எல்லினோருக்குத் தெரிந்தது. கை எழவில்லை.

அப்போது கதவு மறுபடி திறந்தது. கழுத்தில் டையோடு மூச்சிரைக்க ஒருவன் நின்றான். "மன்னிச்சிடுங்க, டிராம் வழியில நின்னுபோச்சு. கம்பெனி ஆளா நடிக்க வந்திருக்கேன்."

எல்லோரும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்ப இது யாரு?" என்றாள் குன்வோர்.

காலுறையோடு எழுந்து நின்றான் அவன். "நான் நெஜமாவே கம்பெனி ஆளுங்க."

எல்லினோர் முகம் சிவக்க முன்னால் வந்தாள். அவர் உள்ளே வந்தபோதே தனக்குத் தெரியும், அப்போதே நிறுத்தாதது தன் தப்பு என்றாள். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே அழிச்சிடறோம்."

ஸ்டாஃபான் என்ற அந்த மனிதர் முதலில் பார்க்கவேண்டும் என்றார். கேமராவின் சிறு திரையைச் சுற்றி எல்லோரும் முண்டியடித்தார்கள். தான் சிரித்த இடம் வந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். "ஆபீஸ்ல நான் இப்படிச் சிரிச்சதே இல்ல" என்றார். அழிக்கச் சொல்லவில்லை. எதையும் அளக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு போனார். அறை புழக்கத்தில் இருக்கிறது, அளக்க முடியவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். குடியிருப்போர் சங்கம் அதையே பிடித்துக்கொண்டது. ஒன்றாக உட்கார்ந்து பழகிவிட்டவர்கள் கம்பெனி வாசலிலும் போய் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். கோடை விடுமுறைக்கு முன்பே கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது.

ஜனவரியில் கோத்தன்பர்க் திரைப்பட விழாவில் படம் ஓடியது. கட்டடமே திரண்டு வந்திருந்தது. ஸ்டாஃபானும் மனைவியோடு வந்தார். ஒருவர்கூடப் பாதியில் எழவில்லை. கடைசிவரை தங்களைத் தாங்களே கேலி செய்து சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அதை எல்லினோர் இருட்டில் சுவரோரம் நின்று கேட்டாள்.

வெளியே பனியில் ஒரு நிருபர் அவளைப் பிடித்துக்கொண்டு, சினிமா சமூகத்தை மாற்றுமா என்று கேட்டார். அவள் யோசித்து வாய் திறப்பதற்குள் ஷிரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டிராம் வந்துட்டுது, ஓடு. எங்க வீட்லதான் எல்லாருக்கும் சாப்பாடு."

எல்லினோர் ஓடினாள்.