எட்டாயிரம் ஜோடிக்கு ஒரு வீச்சு

ஆம்பூரில் கோல்ஃப் ஷூ தைத்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கோல்ஃப் ஆடிய கால் ஒன்றுகூடத் தேறாது. இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. சமையல்காரன் மணமேடையிலா போய் உட்காருகிறான்? தைத்தோமா, டப்பாவில் போட்டோமா, கன்டெய்னர் ஏற்றினோமா என்று ஊர் அதன்பாட்டுக்கு இருக்கிறது. நவநீதனும் பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தான்.

ஷூ கம்பெனியில் அவன் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். டப்பாவைத் திறந்து இடது ஒன்று, வலது ஒன்று இருக்கிறதா, பிசின் வழிந்திருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. புது மாடல் ஒவ்வொன்றுக்கும் ‘வேர் டிரையல்’ என்று ஒரு படிவம் வரும். யாராவது அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு இருபது நாள் கோல்ஃப் ஆடி, எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று அதில் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். நவநீதன் இருந்த இடத்தில் இருந்தபடி, டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவான். சொகுசு: பிரமாதம். பிடிமானம்: பிரமாதம். ஆடியவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரையே போட்டுக்கொள்வான். கம்பெனி முழுக்க இது தெரியும், ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்கிற ஆள் வந்து சேர்ந்தது. ஷூ வாங்கும் கம்பெனியிலிருந்து கார்ல்சன் என்றொரு அம்மா மெயில் போட்டாள். மூன்று வாரத்தில் ஆம்பூர் வருகிறேன், இத்தனை வருஷமாக நம் ஷூவைப் போட்டு ஆடிப் பார்க்கிற திரு. நவநீதன் பந்து அடிப்பதை நேரில் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாள்.

ஜெனரல் மேனேஜர் பிரேம்நாத் அவனைக் கூப்பிட்டார். "இன்னாய்யா, நீ நெஜமாவே ஆடுவியா?"

இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிரேம்நாத்தின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கோல்ஃப் பிரிவு மேனேஜரின் நாற்காலி ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. சுழல்கிற நாற்காலி.

"ஆடுவேன் சார். பாலிடெக்னிக்ல ஆடிக்கினு இருந்தேன்."

அந்தப் பாலிடெக்னிக்கில் இருந்த ஒரே மைதானத்தில் பஸ் நிறுத்துவார்கள்.

"அப்பிடியா! அந்தம்மாவ நல்லபடியா அனுப்பி வை. அந்த சீட்டு உனக்குத்தான்."

நாற்காலி ஆசை வந்துவிட்டது, இனி ஆட்டம் வரவேண்டும். சென்னையில் சொல்லிக்கொடுக்கிற ஒருவருக்குப் போன் போட்டு, அவர் சொன்ன கட்டணத்தைக் கேட்டு, ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். மட்டைகளின் விலையைப் பார்த்தபோது, தான் ஓட்டுகிற பைக்கின் மேல் அவனுக்குப் பரிதாபமே வந்தது. கடைசியில் போய் நின்ற இடம் மஹபூப் பாஷாவின் காயலான் கடை. ஏலகிரி மலை ரிசார்ட் ஒன்றை இடித்தபோது வந்த பழைய இரும்போடு இரும்பாக ஒரே ஒரு கோல்ஃப் மட்டை கிடந்தது.

"ஒண்ணுதான் பாய் இருக்குதா? பதினாலு வேணுமாமே?"

"ஒரு பந்த ஒரு நேரத்துல ஒரு கட்டையாலதான அடிப்ப? பேஜார் பண்ணாத, எடுத்துக்கினு போ."

நியாயமாகத்தான் பட்டது. பந்துக்கு அவன் மனைவி ஹேமலதா வழி செய்தாள். அவளும் அதே கம்பெனியில்தான் மேல்தோல் தைக்கிறாள். கழிவுத் தோலைச் சுருட்டி, மேலே ஒரு தோல் போட்டு, கெட்டி நூலால் இழுத்துத் தைத்துப் பன்னிரண்டு உருண்டை கொடுத்தாள். "புள்ளைங்களுக்குக் கூட நான் பந்து தச்சுக் குடுத்தது இல்ல," என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கிண்டல் பண்ணுவது அவளுக்குக் கைவந்த கலை.

பாடம் யூடியூபில் இலவசம். காலை அகட்டி நில், முழங்காலை லேசாக மடி, தலையை ஆட்டாதே, கையால் அடிக்காதே, இடுப்பைத் திருப்பு. ஒரு நாக்கைத் தவிர எதையும் வேகமாகத் திருப்பிப் பழக்கமில்லாத நவநீதனுக்கு, இடுப்பென்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இதில் ஒரு குழப்பம் வேறு. வீடியோவில் இருந்தவர் நின்றபடி நின்றால் மட்டையின் முதுகுதான் பந்தைப் பார்த்தது. செல்ஃபி போல வீடியோவும் திரும்பிப் பதிவாகியிருக்கும் என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். போனைப் பீரோ கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, கண்ணாடிக்குள் தெரிகிறவரைப் பார்த்து நின்றான். இப்போது மட்டை சரியாக வந்தது. மூளைக்காரன் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

கம்பெனியிலிருந்து புது மாடலில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, விடிந்ததும் பாலாற்று மணலில் இறங்கினான். தண்ணீர் இல்லாத ஆறு இதற்காவது உதவட்டும். முதல் நாள் பந்து அசையவே இல்லை, மணல்தான் பறந்து வாயில் விழுந்தது. நாற்பதாவது வீச்சில், மாடு ஓட்டி வந்த ஒருவர் கரையில் நின்று கத்தினார்.

"இன்னா அண்ணே, பாம்பா?"

இல்லை என்று சொல்வதற்குள் நாலு பேர் கம்போடு இறங்கிவிட்டார்கள். கோல்ஃப் என்று விளக்குவதைவிடப் பாம்பு என்று ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து அரைமணி நேரம் தேடினார்கள். தப்பித்துப் போன பாம்பைப் பற்றி அன்றைக்கு டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், அது ஆறடி இருந்ததாம்.

ஒன்பதாம் நாள் அது நடந்தது. இடுப்பு தானாகத் திரும்பியது, கை பின்னாலேயே வந்தது, பட்டதே தெரியவில்லை. தோல் உருண்டை எழும்பிச் சீமைக் கருவேல மரத்தைத் தாண்டி விழுந்தது. நவநீதன் அங்கேயே நின்று சிரித்தான். அவனைக் கேலி பண்ணத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன் என்றாலும், அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. நாற்காலியை அந்த நிமிஷம் அவன் நினைக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸில் ரத்தம். வீச்சு முடியும்போது உடம்புப் பாரம் முழுக்க ஒரு காலின் வெளி ஓரத்துக்குப் போகிறது. அங்கே சுண்டுவிரலுக்கு நேராக ஒரு தையல் வரப்புப் போல மேடு தட்டி நின்றது. ஹேமலதா ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஓரத்த சீவி மெல்லிசாக்காம மடிச்சா இப்பிடித்தான் நிக்கும். அன்னிக்கே சொன்னேன். வேல நிக்கக் கூடாது, அப்பிடியே தைய்யின்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னான்தான். இப்போது அதே தையலோடு எட்டாயிரம் ஜோடி டப்பாவில் ஏறிக் கன்டெய்னருக்குக் காத்திருந்தது.

"நடந்தா ஒண்ணும் தெரியாது," என்றான்.

"வாங்குறவங்க நடக்கவா வாங்குறாங்க?" என்று கேட்டவள், அவன் போனை எடுத்து வீடியோவையும் மூலையில் நின்ற மட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இன்னாங்க, இது எடது கைக்காரன் கட்ட மாதிரி இருக்குது?"

நவநீதன் காயலான் கடைக்கு ஓடினான். மஹபூப் பாஷா அசரவில்லை. "ஆமா தோஸ்த், லெஃப்ட்டு. அதனாலதான் கம்மில குடுத்தேன்." டப்பாவில் இரண்டு இடது ஷூ இருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவன் இவன்.

மாற்றிப் பழக நாள் இல்லை. நவநீதன் இடதுகைக்காரன் ஆனான். பிரேம்நாத்திடமும் அப்படியே சொல்லிவைத்தான். அதன் பலன், கார்ல்சன் அம்மா வந்த அன்று மத்தியானம் கிடைத்தது. நானும் உங்களைப் போலக் கையால் சாப்பிடுகிறேன் என்று அந்த அம்மா பிரியாணியில் கை வைத்துவிட்டு எதிரே பார்த்தாள். நவநீதனுக்கு வேறு வழி இல்லை. ஆம்பூர் பிரியாணியை, கேன்டீன் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, இடது கையால் பிசைந்து தின்றான். பரிமாறியவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற கத்திரிக்காயை வைக்கக்கூட வரவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்துக்குப் போனார்கள். தையல் பிரிவு ஜன்னலில் பெண்கள் கூடிவிட்டார்கள். அந்த அம்மா தன் பையிலிருந்து நிஜப் பந்தை எடுத்து வைத்தாள். நவநீதன் காலை அகட்டினான். தலை ஆடவில்லை. இடுப்பு திரும்பியது. பந்து காம்பவுண்டு சுவரைத் தாண்டி எங்கோ போனது. ஜன்னலில் விசில் கேட்டது. பிரேம்நாத் கைதட்டினார், நாற்காலி கிட்டே வந்துவிட்டது.

கார்ல்சன் அம்மா அவன் கையைக் குலுக்கினாள். ஒரு ஆட்டக்காரராக இந்த ஷூவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

பிரமாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பதினாலு படிவத்தில் எழுதிய வார்த்தைதான். ஆனால் பதினோரு வருஷத்தில் அவனை யாரும் என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. அதுவும் ஆட்டக்காரராக! அந்த வார்த்தை அவனுக்கு நேராகத் தலைக்கு ஏறியது. வீச்சு முடியும் இடத்தில் சுண்டுவிரலைத் தையல் கடிக்கிறது என்றான். ஓரத்தைச் சீவாமல் மடித்ததுதான் காரணம் என்றான். நம்பிக்கை வரட்டும் என்று ஷூவைக் கழற்றி விரலையும் காட்டினான். பிரேம்நாத்தின் முகம் போன போக்கை அவன் பார்க்கவில்லை, பேச்சில் அவ்வளவு சுகம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பாடப் புத்தகத்தில் மட்டும்தானா இருக்கிறது?

அந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்றாள். அப்புறம் பழைய படிவங்களைக் கேட்டாள். இதே தையல் உள்ள மாடல்கள் இதற்கு முன் நாலு போயிருந்தன. நாலுக்கும் பிரமாதம், நாலிலும் நவநீதன். அப்போது கடிக்கவில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்ட கையோடு ஃபைலை மூடிவிட்டாள். எட்டாயிரம் ஜோடியையும் சரி பண்ணினால்தான் கன்டெய்னர் நகரும், இனிமேல் ஆடிப் பார்க்க நானே ஆள் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

சுழல்கிற நாற்காலிக்கு அரக்கோணத்திலிருந்து பிரேம்நாத்தின் மச்சான் வந்தான். அவனுக்கு கோல்ஃபும் தெரியாது, ஷூவும் தெரியாது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை லீவு ரத்து. ஒவ்வொரு ஷூவுக்கும் உள்ளே கை விட்டு, மேட்டைச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கி, மெல்லிய தோல் பட்டை ஒட்ட வேண்டும். நவநீதனையும் பெண்களோடு தரையில் உட்கார்த்தி வைத்தார்கள். முதல் ஞாயிறு, பெண்கள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டினார்கள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"நான் உண்மையத்தான சொன்னேன்? போட்டுக்குறவங்க கால் இன்னாத்துக்கு ஆவுறது?"

சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய புடவையை வீட்டில் மடித்து வைத்துவிட்டு வந்திருந்த ஹெலன், சுத்தியலை நிறுத்தாமல் சொன்னாள்:

"நீங்க பொய் எழுதிக்கினு இருந்த வரைக்கும் எங்களுக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருந்துச்சு சார்."

அவன் ஹேமலதாவைப் பார்த்தான். அவள் அடுத்த ஷூவை எடுத்து அவன் மடியில் போட்டாள்.