மேல நான்காம் வீதியின் வீட்டு நிலவரம்

1

இக்கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். வணிகர் சங்க மலர் ஒன்றுக்காக, மாநகராட்சியான பின் புதுக்கோட்டையின் வீட்டு விலை நிலவரம், பெருகிவரும் உணவகங்கள் ஆகியவை பற்றி நான்கு பக்கம் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். முதல் வாக்கியம் இது:

நகரின் மையப் பகுதியில் வீடுகளின் விலை அடுத்த ஐந்தாண்டுகளில்

[வாக்கியம் இங்கேயே நின்றது. ஏறும் என்றால் விற்பவர்களுக்கு மகிழ்ச்சி. இறங்கும் என்றால் வாங்குபவர்களுக்கு. இரு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் உண்டு.]

அவர்களுள் ஒருத்தி ஷர்லி.

2

ஷர்லி ஆவூரில் பிறந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கணவன் ராபின் விராலிமலைத் தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டுகிறான். மேல நான்காம் வீதியில், மீனம்மாள் என்பவளின் வீட்டில் பதினோரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரியான மீனம்மாள் அடுத்த வீதியில் வசிக்கிறாள்; வயது ஐம்பத்தெட்டு. குடியிருக்கும் அந்த வீட்டையே வாங்கிவிட வேண்டும் என்பது ஷர்லியின் கனவு.

['கனவு' பொருந்தவில்லை. கனவு காண்பவர்கள் கூடத்தின் நீளத்தை மூன்று முறை அளந்து பார்ப்பதில்லை. வங்கியில் கடனுக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.]

இரண்டு ஆண்டுகளில் அவ்வீதியில் ஐந்து உணவகங்கள் வந்துவிட்டன. ஆறாவதற்கு மீனம்மாளின் வீட்டை விலைக்குக் கேட்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு போடப் போகிறார்களாம். அதற்கு ஒரு வீடு வேண்டுமாம். (மலருக்கான கட்டுரையை இந்த இடத்தோடு முடித்திருக்கலாம்.) புதன்கிழமை பதில் சொல்வதாக மீனம்மாள் அவர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

வீட்டுத் தரகர் பிச்சை ஷர்லிக்கு ஒரு வழி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம மதியம் ஓட்டலுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. வயிறு நெறஞ்சாத்தான் மனசு எறங்கும். ஆனா ஒன்னு, பில்லு நீங்கதான் கட்டணும். விக்கிறவுக கட்டிட்டாகன்னா, ஒங்களுக்குக் கடமைப்பட விரும்பலைன்னு அர்த்தம். பேசாம எந்திரிச்சு வந்துருங்க."

"இதெல்லாம் எங்கண்ணே எழுதியிருக்கு?"

"இருவத்தாறு வருசமா பாக்குறேன்ல!"*

* அவர் பார்த்தவை மொத்தம் மூன்று. இரண்டு வியாபாரங்கள் இவ்விதிப்படி முறிந்தன. மூன்றாவது, பிரியாணி சரியில்லாததால் முறிந்தது.

3

உணவகக் காட்சிக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவதில் வெயில் இருந்தது. நீக்கிவிட்டேன், புதுக்கோட்டையில் வெயில் ஒரு செய்தியன்று. இரண்டாவதில் ஷர்லி கண்மூடி ஜெபித்தாள். அதை அவள் காலையிலேயே கோயிலில் முடித்திருப்பாள். மூன்றாவது இது.

குளிர்சாதன அறையில் இடம் கிடைக்க இருபது நிமிடம் நின்றார்கள்.

"ஞாயித்துக்கெழம எவளும் வீட்டுல ஒல வைக்கிறதில்ல போலருக்கே" என்றாள் மீனம்மாள், மிகுந்த மகிழ்ச்சியுடன்.

உட்கார்ந்ததும் அவளுக்காக மட்டன் சாப்பாடு, நல்லி, முட்டை மாஸ் என்று ஷர்லியே அடுக்கினாள். பரிமாறுபவர் ஷர்லியின் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்குக்கா?"

"எனக்கு சாம்பார், ரசம் போதும்."

மீனம்மாள் நிமிர்ந்தாள். "ஏன் ஆத்தா, ஒடம்புக்கு என்ன?"

"தவக்காலம்க்கா. ஈஸ்டர் வரைக்கும் கவிச்சி கெடையாது."

[ஈஸ்டர் கழிந்து அழைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். புதன்கிழமை காத்திருக்காது. சைவ உணவகத்துக்கு அழைத்திருக்கலாமே? செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாள்களில் மீனம்மாள் காய்கறியைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்வதில்லை. பதினோரு ஆண்டுகள் குடியிருந்தவளுக்கு அது தெரியும். எதிரே ஒருத்தி ரசம் ஊற்றிப் பிசையும்போது நல்லியை உறிஞ்சுவது எத்தனை சங்கடம் என்பதுதான் தெரியாமல் போயிற்று.]

"அப்ப நான் மட்டும் எலும்பக் கடிக்கிறதா? மருமகளப் பட்டினி போட்டு மாமியாக்காரி திங்கிறான்னு அங்கிட்டு உக்காந்துருக்கவன் நெனக்க மாட்டான்?"

"நெனச்சா நெனைக்கட்டும்க்கா. நீங்க சாப்பிடுங்க."

"நல்லா கூட்டியாந்த போ!"

இருப்பினும் மீனம்மாள் குறை வைக்காமல் சாப்பிட்டாள். ஷர்லிதான் தவித்தாள். "அக்கா, வீட்டு விசயமா..." என்றபோது ரசம் வந்தது. "அக்கா, லோன் கெடச்சிருச்சு..." என்றபோது மீனம்மாள் முட்டை மாஸை அவள் இலைப் பக்கம் நகர்த்தினாள்.

"முட்ட கவிச்சியில வருமா?"

"வரும்க்கா."

"எங்க தெருவுல முட்டைய சைவம்னுல்ல சொல்றாளுக?"

முட்டை எதில் சேரும் என்ற விவாதத்தில் வீடு மறைந்துபோனது. கை கழுவப் போன மீனம்மாள் திரும்பும் வழியில் கல்லாவில் பில்லைக் கட்டிவிட்டாள்.

4

இவ்விடத்தில் பதினேழு நாள்கள் கதை நகரவில்லை.

ஒரு முடிவில் பிச்சை சொன்னதே நடக்கிறது: ஷர்லியின் அடுக்களை, உணவகத்தின் நான்காம் மேசையாகிறது. சந்தை நிலவரத்துக்குப் பொருந்திய முடிவுதான். ஆனால் அவளை மச்சுவாடிப் பக்கம் வாடகை வீடு தேட அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

மற்றொன்றில், மீனம்மாள் கண்கலங்கி, "நீ என் மக மாதிரி" என்று

[இல்லை. தவறாமல் ஆண்டுதோறும் வாடகையை உயர்த்தியவள் அவள். ராபினுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஒரு மாதம் நாள்தோறும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தவளும் அவளே. இரண்டையும் ஒரே முகத்தோடுதான் செய்தாள்.]

5

ஆகவே அடுத்து நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நாந்தான கூட்டியாந்தேன்!" என்றாள் ஷர்லி.

"பின்ன? நீ ரசம் குடிச்சுப்புட்டு, நான் தின்னதுக்கும் சேத்துக் கட்டுறதா? எந்த ஊரு நியாயம்?"

மறுப்பா, பாசமா? பிச்சையின் விதிப்படி, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஷர்லி எழுந்தாள், வாசல் வரை வந்தும்விட்டாள். கல்லாவிலிருந்த கிண்ணத்தில் சோம்பை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மீனம்மாள் பின்னால் வந்தாள். ஷர்லி படியில் நின்று திரும்பினாள்.

"அக்கா, சுத்தி வளைக்கல. வீட்ட எங்களுக்குத் தாறீங்களா, ஓட்டல்காரவுகளுக்குத் தாறீங்களா?"

மீனம்மாளின் வாய் நிறையச் சோம்பு. பொறு என்று கையை உயர்த்தினாள்.

அவள் மென்றுகொண்டிருக்கிறாள். விடையை நான் எழுதக் கூடாது. நானும் வாடகை வீட்டில் இருப்பவன், என் நடுநிலையை நம்ப வேண்டாம். சொந்த வீட்டில் அமர்ந்து இதைப் படிப்பவர் எவரேனும் எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம், அவள் மென்று முடிக்கட்டும். ஷர்லி நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.