படத்துக்குள் ஒரு நம்பர்

மோகன்குமார் தன் போனை என் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் பேனா, வாய் நிறையச் சிரிப்பு. அந்த ஆளின் தோளில் யாரோ போட்டிருந்த கை மட்டும் வெட்டுக்குத் தப்பி மிஞ்சியிருந்தது. அந்தக் கையில் இருந்த செப்புக் காப்பு இப்போது என் எதிரே, மேஜையின் அந்தப் பக்கம், மோகன்குமாரின் மணிக்கட்டில் இருந்தது.

“இந்தப் படத்தப் பெருசாப் போடுங்கம்மா. வெப்சைட்டத் தெறந்த ஒடனே இதுதான் தெரியணும். கீழ செவப்புல எழுதிருங்க. ‘படத்தில் காணும் செல்வம் என்பவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தவிதச் சம்பந்தமும் இல்லை. இவரிடம் ஆர்டர் கொடுத்து ஏமாற வேண்டாம்.’ எழுத்து விட்டு விட்டு மின்னணும்.”

எழுத்து மின்னக் கூடாது என்பதை நான் இந்த ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் போய்வந்து வெப் டிசைனராக வேலை பார்த்துவிட்டு, போதும் என்று பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் சொந்தமாக உட்கார்ந்தவள் நான். கவிப்ரியா என்றால் சின்னக் கம்பெனி முதலாளிகளுக்குத் தெரியும். நன்றாகச் செய்வாள், வாயும் அதிகம் என்பார்கள். இரண்டுமே உண்மை. பெரிய கம்பெனிக்காரன் பொருள் வாங்க ஷெட்டுக்கு வருவதற்கு முன் வெப்சைட்டுக்குத்தான் வருகிறான். அங்கே அவனுக்கு வேண்டியது மூன்றே விஷயம். என்ன செய்கிறீர்கள், ஒழுங்காகச் செய்வீர்களா, யாரைக் கூப்பிட வேண்டும். நம் ஆட்கள் இந்த மூன்றையும் ஒளித்துவைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் காட்டுவார்கள்.

மோகன்குமாரின் பழைய வெப்சைட் அதற்கு ஒரு கண்காட்சி. திறந்த உடனே கேட்காமலே புல்லாங்குழல் வாசிக்கும். பல்சக்கரங்கள் சுற்றும். அவை சுற்றி முடிக்கும்வரை வேறு எதையும் படிக்க முடியாது. பிறகு மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் ஒரு வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் உட்கார்ந்திருந்ததோ ஜூஜுவாடியில் ஹைவேக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில். ஸ்விட்ச், ஃபியூஸ் எல்லாம் வைக்கும் கரண்ட் பேனல்களுக்கு இரும்புத் தகட்டில் பெட்டி மடக்கும் பட்டறை அது. அங்கே ஹெல்மெட் என்று பார்த்தால் வாசலில் நின்ற பைக்கில் தொங்கியது ஒன்றுதான். ஆனால் வேலை சுத்தம். அடுக்கிவைத்திருந்த பெட்டிகளின் மூலையில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. இதை விட்டுவிட்டு வெள்ளைக்காரனைப் போட்டவர்களை என்ன செய்வது.

“சார், உங்ககிட்ட வர்றவங்க பெட்டி வாங்க வர்றாங்க. வாசல்லயே உங்க சண்டையக் காட்டுனா, இவங்ககூட நமக்கு எதுக்கு வம்புன்னு போயிருவாங்க. இதுல யாருக்கு நஷ்டம்?”

“நஷ்டப்பட்டது போதும்னுதாம்மா சொல்லுறேன்.” அவர் குரல் உயர்ந்தது. சாத்தூர்ப் பக்கத்துக்காரர், சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து ஷெட்டுக்குக் கேட்கும். செல்வமும் அவரும் ஒரே ஊர். ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒன்றாக வெளியே வந்து, ஒன்றாக இந்தப் பட்டறையைப் போட்டவர்கள். புது மெஷின் வாங்குவதா வேண்டாமா என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, போன வருஷம் செல்வம் பிரிந்து அத்திப்பள்ளிக்குப் போய்விட்டார். கர்நாடக பார்டரைத் தாண்டினால் அத்திப்பள்ளி. நடந்தே போகலாம். இவர் போனதில்லை.

“சைட்ல இருக்கறது யார் நம்பர் சார்?”

“அவன் நம்பருதான். அதானே வயித்தெரிச்சல். படத்துக்குள்ள இருக்கு, மாத்த முடியாதுன்னுட்டாங்க.”

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நம்பரை எழுத்தாகப் போடாமல், கம்பெனிப் பெயரோடு சேர்த்து ஒரே படமாகச் செய்து வைத்திருந்தார்கள். விரலால் தொட்டால் போன் போகாது. பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகக் கையால் அழுத்த வேண்டும். மாற்ற வேண்டுமானால் படத்தையே புதிதாகச் செய்து ஏற்ற வேண்டும். செய்த ஆள் மோகன்குமாரின் அக்கா மகன். அவன் கனடாவுக்குப் போய் பாஸ்வேர்டையும் மறந்துவிட்டான். கூகிளில் தேடினேன். அங்கேயும் அதே நம்பர்தான்.

“அப்ப ஒரு வருஷமா வெப்சைட்டப் பாத்துக் கூப்புடறவங்க எல்லாரும் அவரத்தான் கூப்புடறாங்க.”

“கூப்புடுதாங்க. அவன் அமுக்கிக்கிடுதான். வேறென்ன.”

“உங்களுக்குப் புதுசா யாருமே வர்றதில்லைங்களா?”

“ஏன் வரல? போன வாரங்கூட கோயமுத்தூர்லருந்து ஒருத்தர் பேசுனாரு. வெப்சைட்ல பாத்தேன்னாரு. நல்ல ஆர்டரு.”

“வெப்சைட்ல எந்த நம்பரப் பாத்தாரு சார்?”

மோகன்குமார் காப்பை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

நான் என் போனை எடுத்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய வெப்சைட்டை இடிப்பதற்கு முன்னால் அதற்கு ஒரு வாடிக்கையாளராகப் போய்ப் பார்த்துவிடுவேன். எல்லாவற்றையும் அழுத்துவேன், இருக்கும் நம்பருக்கெல்லாம் பேசுவேன். பழசு என்ன செய்கிறது என்று தெரியாமல் புதிதில் கை வைப்பதில்லை.

“வேணாம்மா,” என்றார் மோகன்குமார்.

“கூப்புடத்தான சார் நம்பர் போட்டிருக்கு.” படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். சாப்பாட்டு நேரம். மெஷின் எல்லாம் நின்றிருந்தது. மணி அடிப்பது ஷெட் முழுக்கக் கேட்டது.

“ஹலோ, ஹேளி.” கன்னடத்தில் ஆரம்பித்த குரலுக்குப் பின்னால் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

“சார், வெப்சைட்ட பாத்துட்டு பேசறேன். பேனல் பாக்ஸ் செய்யணும்.”

“அது மோகன் கம்பெனிங்க. நான் இப்ப அங்க இல்ல. நம்பரு மாத்தாம கெடக்கு. அவரு நம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

எனக்கு அது போதவில்லை. ஒரு அடி மேலே போனேன்.

“நீங்களும் அதே வேலைதான் செய்யறீங்கன்னு சொன்னாங்க. நீங்களே செஞ்சு குடுங்களேன் சார்.”

அவர் கிரைண்டரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்தது சத்தம் குறைந்ததில் தெரிந்தது.

“செய்யலாங்க. ஆனா நீங்க அந்தக் கம்பெனியத் தேடித்தான கூப்புட்டீக. மூலை மடக்குறதுல அவன மிஞ்ச ஆள் கெடையாது. என்ன, கொஞ்சம் கத்துவான். அதக் கண்டுக்கிடாதீக. கத்தி முடிச்சிட்டு அவனே டீ வாங்கிக் குடுப்பான்.” சிரிப்பு வந்தது. “எழுதிக்கிடுங்க.”

மனப்பாடமாக, மூச்சு விடாமல், எண்ணெண்ணாகச் சொல்ல ஆரம்பித்தார். மோகன்குமார் எழுந்து, தகட்டில் குறி போடுகிற சாக்பீஸ் துண்டை எடுத்தார். மேஜையோரம் சாய்த்துவைத்திருந்த புதுத் தகட்டில், செல்வம் சொல்லச் சொல்ல, தன்னுடைய நம்பரைத் தானே எழுதினார். ஏன் எழுதினார் என்று அவரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அதோடு, இந்த மனிதன் முகத்தைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது.

“திருப்பி ஒருக்கா சொல்லுங்க,” என்றது போன். “கோயமுத்தூர்க்காரரு ஒருத்தரு தப்பா எழுதிட்டு மறுபடி எனக்கே அடிச்சாரு.”

நான் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு போனை மோகன்குமார் பக்கம் தள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு தகட்டின் பக்கம் திரும்பி, முதல் எண்ணின்மேல் விரலை வைத்தார்.

“ஒம்போது,” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு சின்னக் குரலை நான் கேட்டதில்லை. “நாலு...”

அந்தப் பக்கம் “ஏய், நிப்பாட்டு” என்று செல்வத்தின் குரல் கேட்டது, கிரைண்டர் நின்றது. மூன்றாவது எண்ணின்மேல் விரலை வைத்தபடி இவர் நின்றார்.