கண்டிப்பாக ட்ரெடிஷனல்

வேட்டைக்கு வருகிறாயா என்று மேனேஜர் வெய்ன் கேட்டபோது நஞ்சப்பன் தலையை ஆட்டினான். நம் ஊர் ஆட்டல் அது. ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம், பார்ப்போம் என்றும் கொள்ளலாம். டெக்ஸாஸில் பிறந்து வளர்ந்த வெய்ன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "சந்தோஷம். நம்ம கேம்ப்பில் எல்லாருக்கும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதான். ஒன்று வாங்கிவிடு" என்று தோளில் தட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

நஞ்சப்பன் அதுவரை சுட்டது அப்பளம் மட்டும்தான். அதையும் மனைவி கண்மணி பக்கத்தில் நின்று திருப்பச் சொன்னால்தான் திருப்புவான்.

ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஹூஸ்டனில் அவன் வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனியில் ஜனவரி மாதம் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு. தன் டீமிலிருந்து யாரை நீக்குவது என்று வெய்ன்தான் லிஸ்ட் கொடுக்க வேண்டும். அவருடைய கேம்ப்புக்குப் போய் வந்தவன் எவனுக்கும் இதுவரை வேலை போனதில்லை என்று ஆபீஸில் எல்லாரும் நம்பினார்கள். யாரும் சரிபார்க்கவில்லை. சாமி விஷயத்தில் யார் சரிபார்க்கிறார்கள். நஞ்சப்பன் இருந்ததோ விசாவில். வேலை போனால் அறுபது நாளைக்குள் இன்னொரு வேலை, இல்லாவிட்டால் மூட்டை முடிச்சோடு கோபிச்செட்டிப்பாளையம். க்ரீன் கார்டு வரிசையில் நின்று நின்று தலை பாதி நரைத்திருந்தது. மகள் எழிலரசி ப்ளஸ் ஒன்னுக்குச் சமமான வகுப்பில் இருந்தாள். அவளை நடுவில் பிடுங்கிக்கொண்டு போய் எங்கே சேர்ப்பது?

"அப்பா, யூ கான்ட் ஈவன் கில் எ ஸ்பைடர்" என்றாள் எழிலரசி.

"ஸ்பைடர் வேற, மான் வேற சாமி" என்றான் நஞ்சப்பன். என்ன வேறு என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

வாய்வழித் துப்பாக்கியிலும் இரண்டு சாதி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒன்று ஃபிளின்ட்லாக். நீளமான குழல், மரக்கட்டை, பித்தளைப் பூண். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும், பொறி பட்டு வெளியே உள்ள மருந்து பற்றும், அது உள்ளே உள்ள மருந்தைப் பற்றவைக்கும், அதற்குள் மான் பொறுமையாக நின்றால் குண்டு படும். மற்றது இன்லைன். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, மேலே தொலைநோக்கி, மழையில் நனைந்தாலும் வெடிக்கும். இரண்டுக்கும் மருந்தும் குண்டும் வாய்வழியாகத்தான் போகும். அதற்குமேல் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நண்பன் நெடுஞ்செழியன் வந்து சேர்ந்தான். அம்பத்தூர்க்காரன். துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனால் யூடியூபில் பார்த்ததை வைத்து மூன்று மணி நேரம் பேசுவான். கார் வாங்கினாலும், வீடு வாங்கினாலும், பிள்ளைக்கு வயலின் வாங்கினாலும், ஹூஸ்டனை ஒட்டி அவர்கள் குடியிருந்த கேட்டியில் தமிழர்கள் எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"சிம்பிள் பாஸ். ஃபிளின்ட்லாக்னா நாட்டுக்கோழி. இன்லைன்னா பிராய்லர். டேஸ்ட்டுக்கு அது, வேலைக்கு இது. உங்க ரிக்வயர்மென்ட் என்ன?"

"வேலை போகக் கூடாது" என்றான் நஞ்சப்பன்.

"அப்ப பிராய்லர்."

நஞ்சப்பனுக்கு மனசு என்னவோ நாட்டுக்கோழியின் மேல்தான் இருந்தது. கடையில் அந்த மரக்கட்டையைத் தடவிப் பார்த்தபோது ஒரு நிமிஷம் தான் வேறு யாரோ என்று தோன்றியது, அது பிடித்தும் இருந்தது. மூன்று மாதம் யோசித்தான். தீபாவளி போய், தேங்ஸ்கிவிங் போய், கிறிஸ்துமஸும் போயிற்று. வேட்டை லைசென்ஸ் எடுத்தான், ஆன்லைனில் பாடம் படித்துப் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கினான். துப்பாக்கி மட்டும் முடிவாகவில்லை. கடைசியில் கண்மணியே கிளம்பிக் கடைக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, இதப் புடிக்கலைன்னா ரிட்டர்ன் எடுப்பாங்களா?"

"சுட்டதுக்கு அப்பறமா?"

"சுட்டா என்னங்க. போன வருஷம் அந்த மிக்ஸியில ஆறு மாசம் தோசைக்கு அரைச்சுப்போட்டுத்தானே திருப்பிக் குடுத்தோம்."

துப்பாக்கியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்றும் சொன்னார். கண்மணி முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. இரண்டையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதுங்க கழண்டு வரும்?"

இன்லைனின் பின்பக்கத்துத் திருகைக் கழற்றலாம், தனித்தனியாகப் பிரிக்கலாம் என்று காட்டினார் கடைக்காரர்.

"அப்ப இதையே வாங்கிப்போடுங்க. டிஷ்வாஷர்ல கீழ்த்தட்டுல வெச்சுக்கலாம்."

மூன்று மாதம் தீராத விவகாரம் இப்படித் தீர்ந்தது. மரக்கட்டையை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு நஞ்சப்பன் கிரெடிட் கார்டை நீட்டினான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் வெய்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘சொல்ல மறந்துவிட்டேன். கேம்ப் கண்டிப்பாக ட்ரெடிஷனல். வெள்ளிக்கிழமை பார்ப்போம்.’

கடைக்காரர் ஃபிளின்ட்லாக் என்றார், இன்லைன் என்றார். நெடுஞ்செழியன் கோழி என்றான். ட்ரெடிஷனல் என்ற சொல்லைத் துப்பாக்கியோடு சேர்த்து நஞ்சப்பனிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அரங்கேற்றம் எதுவானாலும் அழைப்பிதழின் கடைசி வரியில் அது இருக்கும். பெண்கள் பட்டுப்புடவை, ஆண்கள் வேட்டி.

"முன்னாடியே சொன்னாரே, நல்ல மனுசன். இல்லாட்டி ஜீன்ஸப் போட்டுட்டுப் போயி நின்னிருப்பீங்க" என்றாள் கண்மணி.

"மான் புடிக்கப் போறதுக்கு வேட்டியா?"

"கண்டிப்பான்னு போட்டிருக்காரில்ல. அவங்க அவங்களுத கட்டிட்டு வருவாங்க, நம்ம நம்மளுத கட்டோணும். இந்த நேரத்துல போயி மேனேஜர் பேச்சத் தட்டுவீங்களா?"

அந்த நேரம் எந்த நேரம் என்று இருவருக்கும் தெரியும். நஞ்சப்பன் போய் வேட்டியைத் தேடினான். வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஆரஞ்சு நிறம் போடுவது நல்லது என்று பாடத்தில் படித்திருந்தான். பழனிக்குப் போனபோது எடுத்த காவித் துண்டை கண்மணி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஜரிகைக் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, காவித் துண்டு, குளிருக்கு உள்ளே தெர்மல் பேன்ட். துப்பாக்கிக்கு மூன்று மாதம் ஆயிற்று, இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப்பில் காரை நிறுத்தி இறங்கினான். கருவேலமரங்களுக்கு நடுவே மூன்று பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் மான்தோல் சட்டை, மான்தோல் கால்சட்டை. ஒருவர் தலையில் வாலோடு கூடிய ஒரு மிருகத்தின் தோல். அது வெய்ன்தான் என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. மற்ற இருவர் அவருடைய நண்பர்கள், பல் டாக்டர் டேல், இன்சூரன்ஸ் ஏஜென்ட் ராய்.

மூவரும் நஞ்சப்பனை மேலும் கீழும் பார்த்தார்கள். வேலை போயிற்று என்று நஞ்சப்பன் முடிவு கட்டிவிட்டான். காரில் ஏறித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தான்.

பல் டாக்டர் எழுந்து வந்து வேட்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். "ஸிப் இருக்கிறதா?"

"இல்லை."

"பட்டன்?"

"வேட்டிக்குப் பட்டன் கிடையாது."

"தையல்?"

"கிடையாது. ஒரே துணி. இடுப்பில் சுற்றிச் சொருகுவதுதான்."

டேல் திரும்பி ராயைப் பார்த்தார். ராய் மெதுவாகத் தன் மான்தோல் சட்டையை இழுத்து இடுப்பை மறைத்துக்கொண்டார். அங்கே ஒரு ஸிப் இருந்தது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. "நாங்கள் ஆயிரத்து எண்ணூறாம் வருஷத்து வேட்டைக்காரர்களோடு நிறுத்திக்கொள்வோம்" என்றார் வெய்ன். "இது எந்தக் காலத்து உடை?"

போன தீபாவளிக்கு எடுத்தது. ஆனால் இந்த நேரத்தில் உண்மை பேசுகிற நிலையில் நஞ்சப்பன் இல்லை. "இரண்டாயிரம் வருஷம்" என்றான். மூன்று பேரும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். உள்ளே இருந்த தெர்மல் பேன்ட்டைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

அந்த மரியாதை, டிக்கியைத் திறந்து துப்பாக்கியை எடுக்கும் வரை நீடித்தது. கறுப்பு பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் டேல் கண்ணை மூடிக்கொண்டார். தொலைநோக்கியைப் பார்த்ததும் ராய் திரும்பி நின்றுகொண்டார். நாட்டுக்கோழி விருந்துக்குப் பிராய்லரோடு வந்துவிட்டோம் என்று நஞ்சப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. நெடுஞ்செழியனை மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"இரண்டாயிரம் வருஷத்து மனிதனுக்கு யாரோ இதைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்றார் வெய்ன். டிக்கியை அவரே மூடினார். தன்னுடைய உபரி ஃபிளின்ட்லாக் ஒன்றைக் கொண்டுவந்து நஞ்சப்பன் கையில் வைத்தார். "கேம்ப்பில் ஒரே சட்டம்தான். ஆபீஸ் பேச்சு கூடாது. பேசியவன் அடுத்த வருஷம் வர முடியாது."

அடுத்த வருஷம் யார் இங்கே இருக்கப் போகிறார்கள் என்பதுதான் நஞ்சப்பனின் பிரச்சினை. சாப்பாட்டின்போது திங்கட்கிழமை வானிலை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்த்தான். குளிரும் என்றார் வெய்ன். ஹூஸ்டனில் வீட்டு விலை இறங்குமா, விற்பதானால் இப்போதே விற்கலாமா என்று கேட்டான். இன்சூரன்ஸ் ராய் அதற்கு நீளமாகப் பதில் சொன்னார். வெய்ன் முகத்திலிருந்து ஒன்றும் கறக்க முடியவில்லை.

விடியற்காலையில் வெய்ன் அவனை அழைத்துக்கொண்டு போய் மறைந்திருந்து சுடுவதற்கான ஓர் உயரமான மரக்கூண்டில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்தை அளந்து ஊற்றி, குண்டைத் துணியில் சுற்றிக் கோலால் கெட்டித்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் பெரிய கொம்புள்ள ஒரு கிடா மான் உண்டாம். நான்கு வருஷமாக அதற்காகக் காத்திருக்கிறாராம். இன்றைக்கு வந்தால் முதல் குண்டு விருந்தாளிக்கு என்று சொன்னார்.

இரண்டு பேரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேட்டிக்குள் குளிர் ஏறியது. வெயில் புல்லின் மேல் விழ ஆரம்பித்த நேரத்தில் மான் வந்தது.

உண்மையிலேயே பெரிய மான். தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரிடமும் விசா கேட்க வேண்டாத நடையில் வந்து நின்றது. வெய்ன் மூச்சை இழுத்துப் பிடித்தார். நஞ்சப்பன் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். விசையில் விரலை வைத்தான்.

அப்போதுதான் பயம் வந்தது. மானைக் கண்டு அல்ல. குறி தப்பினால் வெய்ன் மனசில் என்ன நினைப்பார்? பனியில் மருந்து நனைந்து, வெடிக்காமல் புஸ்ஸென்று போனால்? குண்டு பட்டு மான் கீழே விழுந்து தன்னைப் பார்த்தால், அதையும் தாங்க முடியாது. எழிலரசியின் பள்ளிக்கூடம், வீடு, கண்மணியின் மிளகாய்ச் செடிகள், எல்லாம் இந்தச் சிக்கிமுக்கிக் கல்லில் வந்து நிற்கின்றன. வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துவிட்டால் போதும், பிறகு சுடலாம் என்று பட்டது. ஒரு மனுஷன் எத்தனை நேரம்தான் அடக்கிக்கொள்வான்.

"வெய்ன், லிஸ்ட்டில் என் பெயர் இருக்கிறதா?"

மெதுவாகத்தான் கேட்க நினைத்தான். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்த கேள்வி, மீட்டிங்கில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி ஒலித்தது. மான் ஒரே ஒரு முறை கூண்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அந்த இடத்தில் மான் இல்லை. புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெய்ன் தலையிலிருந்த தோலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோபம் வந்திருந்தால்கூட நஞ்சப்பனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இதுவரை இல்லாமல்தான் இருந்தது" என்றார்.

நஞ்சப்பன் துப்பாக்கியை ஜாக்கிரதையாக அவரிடம் கொடுத்தான். கூண்டின் ஏணியில் இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முள்ளும் புதரும் பாராமல், மான் போன திசையில் ஓட ஆரம்பித்தான்.