இராயப்புவின் அளாப்பு

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் முல்லைத்தீவுக் கடலுக்குத் தொழிலுக்குப் போன இராயப்பு திரும்பி வரவில்லை. ஆனால் மறுநாள் காலை விளையாட்டுப் பலகையில் அவன் பக்கத்து உருவான, சிறகு வைத்த ஈயப் பறவைநாகம் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அன்று அவன் ஆட வேண்டிய முறை. ஆடியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு அவன் மனைவி ஸ்ரெல்லா தாயக்கட்டையை உருட்டித் தன் முறையை ஆடினாள். வேறென்ன செய்வது?

அந்த ஈய உருக்களை முந்தைய ஆண்டு லண்டனிலிருந்து அனுப்பியவள் இராயப்புவின் தமக்கை. பிள்ளையில்லாத வீட்டுக்கு எதற்கு விளையாட்டுச் சாமான் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வவுனியாச் சோதனைச்சாவடியில் பற்றரியையும் சவர்க்காரத்தையும் பறித்த ஆமிக்காரர், கொம்பு வைத்த பூதங்களையும் தாடிக் குள்ளர்களையும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்கள். பறவைநாகத்துக்குத் தடை இருக்கவில்லை. கூட வந்த ஆங்கிலப் புத்தகம் பாதி கிழிந்திருந்தபடியால் சட்டங்களைப் புருசனும் பெண்சாதியுமே உண்டாக்கினார்கள். தாயம் விழுந்த அளவுக்கு விரற்கடை நகரலாம். வலை நூலில் முடிச்சுப் போட்டு அளக்க வேண்டும். சாயம் பூசாத உரு களத்துக்கு வரக்கூடாது. விழுந்த உருவுக்குப் புதுச் சாயம் பூசினால் அது புது ஆள். சாயம் பூசுவது ஸ்ரெல்லாவின் பாடு. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற், நகத்துக்குப் பூசும் கியூரெக்ஸ், உடுப்புக்குப் போடும் நீலம் எல்லாவற்றையும் அணில்வால் மயிரால் தொட்டுப் பூசுவாள். இராயப்புவின் பூதத் தலைவனுக்கு இராயப்புவின் மீசையையே வரைந்து வைத்தாள். இராயப்பு நல்ல மனுசன், ஆனால் அளாப்புவான். நூலைப் பிடிக்கும்போது எப்படியும் ஒரு விரற்கடை கூட்டிக் களவாய் வைத்துவிடுவான். கேட்டால், "கண் பிழைச்சுப்போச்சு பிள்ளை" என்பான்.

ஆடியில் செல்லடி தொடங்க, சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறியது. ஸ்ரெல்லா ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு, உருக்கள் நின்ற நிலை குலையாமல் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஊர் திட்டித் தீர்த்தது. இரணைமடுப் பக்கம் அமராவதி தன் காணியில் அவளுக்கும் அண்ணன் ஸ்ரனிஸ்லஸுக்கும் ஒரு கொட்டில் போட இடம் கொடுத்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடி வந்தவள் அவள். அதனால் பலகையைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. முதல் நாள் எதுவும் அசையாததில் ஸ்ரெல்லா சோறு தின்னவில்லை. இரண்டாம் நாள் பூதத் தலைவன் நகர்ந்திருந்தான். புது இடம், வழி விசாரித்து வர ஒரு நாள் பிடிக்கும்தானே. அதன்பிறகு, "அண்ணன் நகத்திட்டாராக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அமராவதி காலையில் தண்ணீர் அள்ளப் போவாள்.

ஸ்ரனிஸ்லஸுக்குத்தான் மனம் ஆறவில்லை. "தங்கச்சி, செத்தபிறகு பாவக்கடன் தீருமட்டும் உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடக்கிற ஆத்துமமும் இப்பிடி வந்து ஆடும். அந்த மனுசனுக்குப் பூசை ஒப்புக்குடுக்காமல் எரிய விடாத" என்றான். அது ஸ்ரெல்லாவைக் குழப்பிவிட்டது. ஆள் இருக்கிறான் என்று உருக்கள் சொல்லின. இந்த உலகத்திலா அந்த உலகத்திலா என்று சொல்லவில்லை. உயிரோடிருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைப்பது பாவம், இறந்தவனுக்கு வைக்காமல் விடுவது அதைவிடப் பாவம். கடைசியில் சுவாமியாரைக் கூட்டி வந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பலகையைப் பார்த்தார்.

"இராயப்பு அளாப்பிறவனோ?"

"ஓம் சுவாமி, ஒரு விரற்கடை. இப்பவும் அப்பிடித்தான்."

"உத்தரிக்கிற ஸ்தலத்தில ஆத்துமங்கள் பாவம் செய்யேலாது. அளாப்பிறான் எண்டால் உசிரோடதான் இருக்கிறான்."

சுவாமியார் சொன்ன பிறகு ஸ்ரனிஸ்லஸ் பூசைக் கதையை விட்டுவிட்டான். அன்றிலிருந்து ஸ்ரெல்லா ஒவ்வொரு காலையும் நூலைப் பிடித்து அளந்தாள். ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தால் அடுப்பு மூட்டினாள். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது, ஊர்கள் கைமாறின, சனம் போனது, வந்தது. பெயின்ற் முடிந்தபோது மஞ்சளையும் கரியையும் குழைத்துப் பூசினாள். இராயப்பு தவறாமல் அளாப்பினான்.

இரண்டாயிரமாம் ஆண்டு கார்த்திகை மழையில் ஒரு நாள் அளவு சரியாக இருந்தது. அடுத்த நாளும் சரி, அதற்கடுத்த நாளும் சரி. அளாப்பாவிட்டால் ஆள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் என்றாகிவிடுமே. ஸ்ரெல்லா அண்ணன் எழும்புமுன் பூதத் தலைவனை விரலால் ஒரு விரற்கடை தள்ளிவிட்டு, "இண்டைக்கும் அளாப்பிப்போட்டார்" என்றாள். மறுநாள் பார்த்தால், இராயப்பு அதைப் பழைய இடத்துக்கு எடுத்து வைத்துவிட்டு அங்கிருந்து சரியாக ஆடியிருந்தான். அவள் மறுபடி தள்ளினாள்; அவன் மறுபடி திருத்தினான். மாதக்கணக்காக இதே பாடு. "கலியாணம் முடிச்ச நாள் தொட்டு ஏய்ச்ச மனுசன், இப்ப என்னத்துக்கு உனக்கு நேர்மை?" என்று ஒரு நாள் பலகையோடு சண்டை பிடித்து அழுதாள். அமராவதி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த பங்குனியில் ஸ்ரெல்லாவை மலேரியா போட்டு முறித்தது. எழும்பமுடியாமல் பாயில் கிடந்தாள். அந்த நாட்களில் பூதத் தலைவனைத் தள்ளி வைத்தவள் அமராவதி. அளவு தெரியாதபடியால் இரண்டு விரற்கடை தள்ளிவிட்டாள். காய்ச்சல் விட்ட காலை ஸ்ரெல்லா பலகையடிக்குத் தவழ்ந்து போய் நூலைப் பிடித்தாள். திரும்பவும் பிடித்தாள்.

"பேராசை பிடிச்ச மனுசன்," என்றாள். "இவ்வளவு ஒருநாளும் அளாப்பினதில்லை."

"ஆமாங்க்கா, நானும் பாத்தேன்" என்றாள் அமராவதி, அடுப்பை ஊதியபடி.

ஸ்ரெல்லா அன்று இரண்டு கோப்பை கஞ்சி குடித்தாள். மறுநாள் இராயப்பு பூதத் தலைவனைத் திருப்பி வைக்கவில்லை, அங்கிருந்தே ஆடினான்.